ஜாஸா, என்விடிஏவா: பேச்சு நின்றுபோனால் எது கைகொடுக்கும்?

புது மடிக்கணினி வாங்கப்போகும் பார்வையற்ற நண்பர்களும், பிள்ளைக்கு வாங்கித்தரப்போகும் பெற்றோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: ஜாஸா, என்விடிஏவா? இரண்டுமே திரைவாசிப்பான்கள். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும். மவுஸைத் தொடாமல் கீபோர்டாலேயே எல்லா வேலையையும் முடிக்கலாம். ஒன்றுக்குக் காசு, மற்றது இலவசம். அலுவலகத்தில் பல வருடம் ஜாஸில் வேலை பார்த்த நான், சொந்தக் கணினி என்று வந்தபோது என்விடிஏவைத்தான் எடுத்துக்கொண்டேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

விலைப் பேச்சை முதலில் முடித்துவிடலாம். ஜாஸின் முழு உரிமம் வாங்கும் காசுக்கு ஒரு நல்ல மடிக்கணினியே வாங்கிவிடலாம். என்விடிஏவுக்குப் பைசா வேண்டாம். விரும்பினால் நன்கொடை தரலாம், அவ்வளவுதான். "இலவசம்தானே, சுமாராகத்தான் இருக்கும்" என்ற பேச்சு பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பு ஓரளவு எடுபட்டிருக்கும். இப்போது எடுபடாது. இணையதளங்களை எல்லாரும் பயன்படுத்தும்படி ஆக்குவதற்காக வேலை செய்யும் வெப்எய்ம் அமைப்பு 2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் உலக அளவில் நடத்திய கணக்கெடுப்பில், முதன்மையாக ஜாஸைப் பயன்படுத்துவோர் 40.5 சதவீதம், என்விடிஏவைப் பயன்படுத்துவோர் 37.7 சதவீதம். வழக்கமாகப் பயன்படுத்துபவை எவையெவை என்று கேட்டபோது என்விடிஏ 65.6, ஜாஸ் 60.5 என்று வரிசை மாறிவிட்டது. அதாவது பலர் ஒன்றோடு நிற்பதில்லை.

இரண்டையும் ஆரம்பித்தவர்கள் பார்வையற்றவர்கள்தான். பைக் பந்தய வீரராக இருந்து விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர், அமெரிக்காவில் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்திலேயே ஜாஸைக் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006இல் என்விடிஏவை எழுதத் தொடங்கினார். ஆகவே "நம் தேவை அவர்களுக்குத் தெரியாது" என்று இரண்டில் எதையும் ஒதுக்க முடியாது. தலைப்புக்குத் தலைப்பு தாவுவது, இணைப்புகளைப் பட்டியலாகக் கேட்பது, அட்டவணையில் கட்டம் கட்டமாகப் போவது எல்லாம் இரண்டிலும் உண்டு. குறுக்குவிசைகள்கூடப் பெரும்பாலும் ஒன்றுதான். ஒன்றில் பழகியவருக்கு மற்றது ஒரு வாரத்தில் கைவந்துவிடும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு. கணினி பேசுவதை நிறுத்திவிட்டது, பக்கத்தில் பார்வை உள்ளவர் யாரும் இல்லை. அப்போது நானே அதை மறுபடி பேச வைக்க முடியுமா?

பார்வை உள்ளவருக்கு ஒரு மென்பொருள் படுத்துவிட்டால் அந்த ஒரு மென்பொருள்தான் போச்சு. நமக்குத் திரைவாசிப்பான் போனால் எல்லாமே போச்சு. என்ன கோளாறு என்று சொல்லும் பிழைச்செய்தியைப் படிக்கவும் அதே திரைவாசிப்பான்தான் வேண்டும்! இது எப்போதோ ஒருமுறை வருகிற சங்கடமும் அல்ல. சர்வீஸ் கடையில் கேட்காமலே ஃபார்மேட் செய்து கொடுப்பார்கள். ஹார்ட் டிஸ்க் போகும். அலுவலகத்தில் இருக்கை மாறும். ஹால் டிக்கெட் எடுக்கச் சித்தப்பா வீட்டுக் கணினியில் உட்கார வேண்டிவரும். விலையை ஒருநாள் கொடுத்துவிட்டு மறந்துவிடலாம். இந்தத் தொல்லை கணினி இருக்கும்வரை கூடவே வரும்.

ஜாஸின் உரிமம் கணினியோடு கட்டப்பட்டது. ஒரு உரிமத்துக்கு இத்தனை முறைதான் ஆக்டிவேஷன் என்று கணக்கு உண்டு. உரிமத்தை முறையாகக் கழற்றாமல் கணினியை ஃபார்மேட் செய்தால் அந்தக் கணக்கில் ஒன்று போகும். பிறகு நிறுவனத்துக்கோ விற்பனையாளருக்கோ எழுதி மீட்டுத் தரச் சொல்ல வேண்டும். தருவார்கள், அதில் குறை இல்லை. ஆனால் அதுவரை என்ன செய்வது? உரிமம் இல்லாத ஜாஸ் நாற்பது நிமிடம் ஓடும், அப்புறம் கணினியை ரீஸ்டார்ட் செய்தால்தான் இன்னொரு நாற்பது நிமிடம் கிடைக்கும். நடுவில் பாதி நிரப்பிய இணைய விண்ணப்பம் இருந்தால் அதை மறந்துவிட வேண்டியதுதான். இன்னொன்று, ஜாஸ் ஆண்டுதோறும் புதிய பதிப்பு வெளியிடும். பராமரிப்பு ஒப்பந்தத்துக்குத் தனியாகக் கட்டிக்கொண்டே வந்தால்தான் முழு உரிமம் வாங்கியவருக்கும் அது கிடைக்கும். கட்டாமல் விட்டவர் பழைய பதிப்போடு இருக்க, விண்டோஸும் ஆபிஸும் பாட்டுக்கு மாறிக்கொண்டே போகும்.

என்விடிஏவில் இந்தப் பேச்சே கிடையாது. தளத்திலிருந்து நிறுவுகோப்பை இறக்கி என்டர் தட்டினால் சின்ன இசை ஒன்று கேட்கும், உடனே பேச ஆரம்பித்துவிடும். நிறுவி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், நிறுவுகிற வேலையையே அது படித்துக்காட்டும். நிறுவாமல் தற்காலிகமாக ஓட்டவும் செய்யலாம்.

அதைவிடப் பெரிய வசதி, பென் டிரைவ் பிரதி. என்விடிஏ மெனுவின் கருவிகள் பகுதியில் கையடக்கப் பிரதி உருவாக்கும் வசதி இருக்கிறது. பென் டிரைவில் சின்னப் பெயரில் ஒரு கோப்புறை வைத்து அதில் போட்டுக்கொண்டால் போதும். இனி எந்த விண்டோஸ் கணினியில் உட்கார்ந்தாலும் வேலை இப்படித்தான்: பென் டிரைவைச் சொருகுகிறேன். கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துகிறேன். விண்டோஸ் 10, 11 எதுவாக இருந்தாலும் கூடவே வரும் திரைவாசிப்பானான நரேட்டர் பேசும். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தினால் ரன் பெட்டி. அதில் டிரைவ் எழுத்து, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, கோப்புறைப் பெயர், மறுபடி பின்சாய்கோடு, நிரலின் பெயர் என்று தட்டி என்டர். டிரைவ் எழுத்து இ-யா எஃப்-ஆ என்பதை முன்னதாகவே நரேட்டரிடம் கேட்டுக்கொள்வேன். என்விடிஏ பேசியதும் முன்பு அழுத்திய அதே மூன்று விசைகளால் நரேட்டரை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். மாமியார் மருமகள் சண்டை தோற்றுப்போகும்.

இதன்பிறகு அது யார் கணினியோ, குரலும் வேகமும் குறுக்குவிசைகளும் என்னுடையவை. நான் சேர்த்த ஆட்-ஆன்கள் என்ற கூடுதல் வசதிகள்கூட அதிலேயே இருக்கும். வேலை முடிந்ததும் உருவிக்கொண்டு கிளம்பினால் அந்தக் கணினியில் எதையும் நிறுவியிருக்க மாட்டேன்.

குறைகளும் உண்டு. நிர்வாகி அனுமதி கேட்டு விண்டோஸ் ஒரு எச்சரிக்கைத் திரை போடுமே, அதைப் பென் டிரைவ் பிரதியால் படிக்க முடியாது. திடீரென்று அமைதி வந்தால் அதுதான் என்று ஊகித்து ஆல்ட் விசையோடு ஒய் அழுத்திக் கடக்கிறோம். நாமே தொடங்கிய வேலைக்கு மட்டும் அப்படிச் செய்வது நல்லது. கடவுச்சொல் கேட்கும் உள்நுழைவுத் திரையிலும் அது பேசாது, அதற்கு முறையாக நிறுவியிருக்க வேண்டும். வங்கிகளிலும் பெரிய நிறுவனங்களிலும் பென் டிரைவே சொருக விடமாட்டார்கள். ஜாஸுக்கும் இப்படி எடுத்துச்செல்லத் பென் டிரைவ் போலச் சொருகும் டாங்கிள் ஒன்றைத் தனியாக விற்கிறார்கள். ஆனால் அது உரிமத்தை மட்டும் சுமக்கும், ஜாஸை அந்தக் கணினியில் நிறுவித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு தகவல்: 2024.1 பதிப்பிலிருந்து என்விடிஏ விண்டோஸ் 7இல் ஓடாது. பிரவுசிங் சென்டர்களில் விண்டோஸ் 7 இன்னும் ஒழிந்தபாடில்லை. அதனால் பென் டிரைவில் 2023.3.4 பதிப்பையும் தனிக் கோப்புறையில் வைத்திருக்கிறேன்.

தமிழுக்கு வருவோம். என்விடிஏவுக்குள்ளேயே ஈஸ்பீக் என்ஜி என்ற குரல் இயந்திரம் இருக்கிறது, அதில் தமிழும் உண்டு. மனிதக் குரலைப் பதிவுசெய்து ஒட்டியதல்ல, ஒலிகளைக் கணக்கிட்டு உருவாக்குவது. அதனால்தான் அந்தத் தகரடப்பா ஓசை. முதல் நாள் கேட்பவர் முகம் சுளிப்பார். ஆனால் வேகத்தை ஏற்ற ஏற்ற அதன் அருமை தெரியும். இனிமையான குரல்கள் குழறிவிடும் வேகத்திலும் இது எழுத்தெழுத்தாகத் தெளிவாக இருக்கும். வரியின் நடுவே ஆங்கிலச் சொல் வந்தால் ஆங்கிலமாகவே படித்துவிட்டுத் தமிழுக்குத் திரும்பும். கேட்க இனிமை வேண்டும் என்பவர்கள் விண்டோஸின் தமிழ்க் குரலான வள்ளுவரை இறக்கிக்கொள்ளலாம். நரேட்டர், என்விடிஏ இரண்டிலும் வேலை செய்யும். கதை, கட்டுரை படிக்க நானும் அவரிடம்தான் போவேன்.

ஆனால் வள்ளுவர் அந்தந்தக் கணினியின் விண்டோஸில் இருந்தால்தான் உண்டு, பென் டிரைவோடு வரமாட்டார். சித்தப்பா வீட்டுக் கணினியில் தமிழ்க் குரல் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஈஸ்பீக் எப்போதும் கூடவே வரும். ஜாஸ்காரர்கள் உயிரை விடும் எலக்வென்ஸ் குரலிலோ தமிழே கிடையாது. ஜாஸில் தமிழ் வேண்டுமென்றால் வேறு குரல் ஏற்பாடு செய்ய வேண்டும். தமிழில் படிப்பதும் எழுதுவதும் பிழைப்பாக உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

சரி, ஜாஸ் ஜெயிக்கும் இடம் எது? அலுவலகம். எக்செல்லில் பெரிய கணக்குத் தாள், வேர்டில் நீண்ட ஆவணத் திருத்தம் என்று நாள் முழுக்க உட்காருபவருக்கு ஜாஸின் பக்குவம் இன்றும் ஒரு படி மேல் என்பதுதான் என் அனுபவம். அதைவிட முக்கியம், எந்த மென்பொருளில் எதை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஜாஸுக்குச் சொல்லித்தரும் சிறு நிரல்கள், அதாவது அதன் ஸ்கிரிப்ட் வசதி. ஒரு நிறுவனம் தனக்கென்று செய்துகொண்ட மென்பொருளில் பெயரில்லாத பொத்தான்களாகவே நிறைந்திருந்தாலும், ஸ்கிரிப்ட் எழுதி அதைப் பேச வைத்துவிடலாம். என்விடிஏவிலும் ஆட்-ஆன் எழுதலாம்தான். ஆனால் இத்தனை வருடமாகச் சேர்ந்த ஸ்கிரிப்டுகளும், அதை எழுதித் தரும் ஆட்களும் ஜாஸ் பக்கம்தான் அதிகம். ஆகவே முதலாளியோ துறையோ காசு கொடுக்கிறது, புதுப்பிப்பையும் கவனித்துக்கொள்கிறது என்றால் தயங்காமல் ஜாஸைக் கேட்டு வாங்குங்கள். சொந்தக் காசு என்றால் எனக்கு மனசு வராது.

நரேட்டரை அவசரத்துக்கு மட்டும்தான் பயன்படுத்துகிறேன். விண்டோஸ் 2000 காலத்தில் வந்தபோது அது பெயருக்கு ஒரு திரைவாசிப்பான். இப்போது எவ்வளவோ தேறிவிட்டது. மின்னஞ்சல், எட்ஜ் உலாவி என்று எளிய தேவை உள்ளவர்களுக்கு அதுவே போதும். எதையும் நிறுவ வேண்டாம். பழைய மென்பொருள்களில்தான் திணறும்.

லினக்ஸின் திரைவாசிப்பானான ஆர்க்காவைக் கொஞ்ச காலம்தான் ஓட்டிப் பார்த்தேன், அதனால் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கில்லை. அதுவும் முழுக்க இலவசம், க்னோம் என்ற லினக்ஸ் திரைச்சூழலில் ஆல்ட், சூப்பர் (விண்டோஸ் விசைதான்), எஸ் அழுத்தினால் பேசும், ஈஸ்பீக் தமிழும் உண்டு. உலாவியும் லிப்ரே ஆபிஸும் எனக்கு ஓடின. ஆனால் கோளாறு வந்தால் போன் போட்டுக் கேட்க, அதைப் பயன்படுத்தும் ஆள் என் வட்டத்தில் இல்லை.

எல்லாத் திரைவாசிப்பான்களும் சேர்ந்து தோற்கும் ஒரு இடம், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு இல்லாத தமிழ். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணம் கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் குறிகளும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் அதை எழுத்துக்கூட்டிப் பிதற்றத்தான் செய்யும். 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்த மாநிலத்தில் வானவில் சுற்றறிக்கை வருவது இன்னும் நிற்கவில்லை. எழுத்துரு எதுவென்று தெரிந்தால் எழுத்துரு மாற்றி மென்பொருளைக் கொண்டு யூனிகோடாக்கலாம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் வழி வேறு. இன்சர்ட்டோடு ஆர் அழுத்தினால் என்விடிஏ படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துப் படிக்கும். ஆனால் அது நம்பியிருக்கும் விண்டோஸ் இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸ் ஆவணமாகத் திறப்பதுதான் என் வழக்கம். பத்தி பிரிப்பில் குளறுபடி வரும், ஆனாலும் விஷயம் புரிந்துவிடும்.

என்விடிஏவை எடுப்பவர்களுக்குச் செய்முறையாக ஒன்று. மடிக்கணினியில் முதல்முறை ஓட்டும்போது வரும் பெட்டியில் கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையாக்கும், அதாவது கட்டளைகளுக்கு இன்சர்ட்டுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் கட்டத்தைத் தேர்ந்துவிடுங்கள், பல மாடல்களில் இன்சர்ட் விசை எங்கேயோ ஒளிந்திருக்கும். கணினியில் முறையாக நிறுவி, குரலையும் வேகத்தையும் உங்களுக்குப் பிடித்தபடி வைத்து, ஒரு வாரம் பழகிய பிறகு பென் டிரைவ் பிரதியை உருவாக்குங்கள். அப்போது, இப்போதைய அமைப்புகளையும் நகலெடுக்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். அதைத் தேர்ந்தால்தான் நீங்கள் பழகிய அமைப்பு கூடவே வரும்.