கர்ப்பப்பை இறக்கம்: வலையா, தையலா?

கம்பத்திலிருந்து குமுளி மலையேறி ஏலக்காட்டில் மூட்டை தூக்கும் பெண்களுக்கு ஒரே கேள்வி: இறங்கிய கர்ப்பப்பைக்குப் போடும் தையல் தாங்குமா?

சொந்தத் திசுவை இழுத்துத் தைத்தால், 1 முதல் 3 ஆண்டுக்குள் சுமார் 38 சதம் பேருக்குப் பரிசோதனையில் மறுபடி இறக்கம் தெரிகிறது. பலருக்கு அது தொந்தரவே தருவதில்லை. யோனி வழியாக பாலிப்ரொப்பிலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) வலை வைத்தால் 11–20 சதம்தான். ஆனால் சுமார் 12 சதம் பேருக்கு வலை யோனிச் சுவரைத் துளைத்து வெளியே வருகிறது: கசிவு, உறவில் வலி, கணவருக்கும் குத்தல். 8 சதம் பேருக்கு அதற்கென்றே மறு அறுவை. திசு வலைக்குள் பின்னி வளர்வதால் முழுதாக உருவுவது கடினம். பாதுகாப்பு நிரூபிக்கப்படவில்லை என்று 2019 ஏப்ரலில் அமெரிக்கா இதன் விற்பனையை நிறுத்தியது. (வயிற்று வழியாக முதுகடி எலும்போடு கட்டும் வலை வேறு.)

முதல் அறுவைக்குத் தையலே மேல். அறுவைக்குப் பின் ஆறு வாரம் குடம்கூடத் தூக்கக் கூடாது; இருமலையும் மலச்சிக்கலையும் முன்பே சரிசெய்ய வேண்டும்.