மழை ஊரில் குடும்ப அல்பம்: போனா, பாவித்த கெமராவா?

குடும்ப அல்பத்துக்கு நல்ல படம் எடுக்கவென்று கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு எங்கள் அட்டன் பக்கத்தில் இரண்டு வழிதான் இருக்கிறது. கெமரா நன்றாக உள்ள ஒரு போனை வாங்கலாம். இல்லாவிட்டால் அதே காசுக்கு யாரோ பாவித்த டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் மாற்றிப் போடும் பெரிய கெமரா, ஒன்றை வாங்கலாம். நான் போனைத்தான் எடுத்தேன். கொழும்பில் இருக்கும் மச்சான் தன் பழைய கெமராவை, 18-55 ஸூம் லென்ஸும் 50 மில்லிமீட்டர் லென்ஸும் சேர்த்து, "வச்சுப் பாருங்க, பிடிச்சா விலை பேசிக்கலாம்" என்று தந்திருந்தார். ஒரு மழைக்காலம் முழுக்க இரண்டையும் மாறி மாறிப் பாவித்த பிறகுதான் கெமராவைத் திருப்பிக் கொடுத்தேன்.

தரத்தை மட்டும் பார்த்தால் அல்பத்துக்கு எதுவும் போதும். ஸ்டூடியோவில் போடும் 4x6 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டாலும் 1200க்கு 1800 புள்ளிதான் வேண்டும். மொத்தம் 22 இலட்சம் கூட இல்லை. இன்றைய சாதாரண போனே 120 இலட்சம் தருகிறது. சுவரில் மாட்ட 12x18 போடுவதென்றால் கெமராப் படம்தான் மேல்.

கெமரா தெளிவாக முந்துகிற இடம் லயத்துக் காம்பராவின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையின், உள்பக்கம். ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல், புகை படிந்த சுவர். அங்கே 50 மில்லிமீட்டர் லென்ஸின் வாயை எஃப் 1.8 என்ற அளவுக்கு அகலமாகத் திறந்தால், 18-55 லென்ஸ் முழுக்கக் கிட்ட இழுத்து 55இல் தருவதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஓடுகிற பிள்ளை கூட அசங்காமல் விழும். போன் அதே இடத்தில் பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கப் பார்க்கும், பிள்ளையின் கை மங்கிப்போகும். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் சுவரோடு ஒட்டி நின்றாலும் அந்த லென்ஸில் ஒருவரை இடுப்பு வரைக்கும்தான் எடுக்கலாம். நாலு பேரைச் சேர்த்து எடுக்க இடம் போதாது. மாரியம்மன் கோவில் திருவிழாவில் இராத்திரி கரகம் ஆடுவதை எடுப்பதற்கும் கெமராவே நல்லது.

இன்னொன்று, படத்தின் வடிவம். கெமராப் படம் 3:2, 4x6 தாளில் அப்படியே பொருந்தும். போன் படம் 4:3. ஸ்டூடியோவில் தாள் நிறையப் போட்டால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். அதனால் போனில் எடுக்கும்போது தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க வேண்டும். இது பழகிவிடும்.

சரி, இவ்வளவு இருந்தும் கெமரா வேண்டாம் என்றதற்குக் காரணம் ஈரம். அட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை துணி காயாது. வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அலுமாரிக்குள் தொங்கும் தோல் பெல்ட்டில் வெள்ளையாகப் பூக்கிற பூஞ்சணம் லென்ஸுக்குள்ளும் பூக்கும். கெமராக்காரர்கள் அதைப் பங்கஸ் என்பார்கள். அதன் வித்து காற்றில் எப்போதும் இருக்கிறது. ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்று, இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் முளைத்துவிடும். பஞ்சு வைத்துத் தைத்த கெமராப் பையை அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் இவை எல்லாமே ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

பாவித்த லென்ஸ் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, ஒரு பக்கம் டோர்ச் அடித்து, மறுபக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். தூசி என்றால் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். பங்கஸ் என்றால் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி இழை போலக் கிளை விட்டு ஓடும். மச்சானின் 18-55இல் அப்படி ஒரு சின்னக் கிளை அவர் தரும்போதே இருந்தது. அவரே காட்டித்தான் தந்தார். நிழலில் எடுத்த படங்களில் அது தெரியவே இல்லை. வெளிச்சம் முன்னாலிருந்து வரும்போதுதான் படம் முழுக்க வெளிறிவிடுகிறது. எங்கள் ஊரில் பாதிப் படங்களுக்குப் பின்னால் பளிச்சென்ற வெள்ளை மூடுபனிதானே இருக்கிறது!

தடுக்க வழி இல்லாமல் இல்லை. காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டு, சின்ன ஈரமானி ஒன்றையும் வைத்து, ஈரப்பதனை 40க்கும் 50க்கும் இடைப்பட்ட சதவீதத்தில் வைத்துக்கொண்டால் லென்ஸ் பிழைக்கும். ஜெல் ஈரம் குடித்ததும் நிறம் மாறும். நீலம் இளஞ்சிவப்பாகும், செம்மஞ்சள் பச்சையாகும். அப்போது அதைச் சூடாக்கி உலர்த்த வேண்டும். வெயில் எட்டிப் பார்க்காத ஜூலையில் அடுப்பில் சட்டி வைத்து இளஞ்சூட்டில் வறுப்பதுதான் வழி. பெட்டியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஈரம் உள்ளே போகும். வெளிக் குளிரில் இருந்த கெமராவை அப்படியே அடுப்படிக்குள் கொண்டுவந்தால் கண்ணாடி வியர்க்கும். முதலில் பொலித்தீன் பையில் இறுகக் கட்டிக் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும்.

தினம் கெமராவைக் கையில் எடுக்கிறவருக்கு இதெல்லாம் பெரிய வேலை இல்லை. குடும்பக் கெமராவின் கதை வேறு. தைப்பொங்கல், தீபாவளி, ஒரு சடங்கு, ஒரு கல்யாணம் என்று வெளியே வரும், மற்ற மாதங்கள் முழுக்க உள்ளே கிடக்கும். பங்கஸுக்கு அதைவிடத் தோதான வாழ்க்கை கிடையாது. பிடித்த புதிதில் கழற்றித் துடைக்கலாம். மேற்பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் வடு நிற்கும். அப்புறம் விற்கப் போனால், வாங்க வருகிறவரும் டோர்ச்சோடு வருவார்.

போன் லென்ஸ் சின்னது, அடைப்பானது. போனும் நாள் முழுக்க கைச்சூட்டிலும் வெளிச்சத்திலும் இருக்கிறது. அதில் பங்கஸ் பிடித்து நான் இதுவரை கண்டதில்லை. எடுக்குமுன் லென்ஸில் படிந்திருக்கும் விரல் எண்ணெயைச் சுத்தமான பருத்தித் துணியால் துடைத்தால் அதன் பராமரிப்பு முடிந்தது.

படம் நன்றாக வர வெளிச்சம் தெரிந்து உட்கார வைத்தாலே பாதி வேலை முடியும். இஸ்தோப்பு (முன் விறாந்தை) ஓரத்தில், முகம் வெளியே பார்க்க உட்கார வையுங்கள். பின்னால் காம்பரா இருட்டாக விழும், முகம் மட்டும் மெதுவான வெளிச்சத்தில் எழும்பி வரும். மூடுபனிக்கு முன்னால் நிறுத்தினால் போன் பனியைப் பார்த்து முகத்தைக் கறுப்பாக்கிவிடும். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தை மேலே தள்ளுங்கள். கூட்டுப் படத்துக்குக் கிட்டப் போகாதீர்கள், ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபடும். வாசலுக்கு இறங்கிப் பின்னால் போய் 2x (இரண்டு மடங்கு) ஸூம் போட்டு எடுத்தால் எல்லார் முகமும் அவரவர் முகமாக இருக்கும்.

முகத்தை வழவழப்பாக்கும் வசதியைக் கட்டாயம் அணைத்து வையுங்கள். அப்பாயியின் விரல்களை நான் தனியாக எடுத்திருக்கிறேன். வருடக்கணக்காகக் கொழுந்து ஆய்ந்ததில் சாறு ஊறி, பெருவிரல் வெடிப்புகள் ரேகை ரேகையாகக் கறுத்திருக்கும். அந்த வசதி அதை அழுக்கு என்று நினைத்து அழித்துவிடுகிறது. பின்னணியை மங்கலாக்கும் முறையும் அப்படித்தான், நெற்றியில் மாட்டிய கூடைக் கயிற்றைப் பாதியில் வெட்டிவிடுகிறது.

அல்பத்தின் ஒரு பக்கத்துக்கு மூன்று படம் என்று யோசித்து எடுப்பது நல்லது. இடம் தெரிகிற ஒன்று, ஆட்கள் தெரிகிற ஒன்று, கை, கோலம், பள்ளிக்கூட பட்ஜ் என்று கிட்ட எடுத்த ஒன்று.

பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்து ஆட்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. எங்களுக்குக் கொட்டுகிற ஜூன், ஜூலையில் அங்கே காய்ந்த காற்று அடிக்கும். மழை ஒக்டோபருக்குப் பிறகுதான் வலுக்கும். பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் அங்கே கெமராவைத் தாராளமாக வாங்கலாம். உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை மிரர்லெஸ் கெமராவை நான் கையில் பிடித்துப் பார்த்ததோடு சரி, நீண்ட நாள் பாவித்ததில்லை. அதன் லென்ஸுக்கும் ஈரம் ஒன்றுதான் என்பதால் பெட்டி இல்லாமல் முடியாது என்றே நினைக்கிறேன். நாலைந்து வருடம் போனால் போனுக்கும் விலை இருக்காது என்பது உண்மை.

போனில் எடுத்ததை வட்ஸ்அப்பில் சாதாரணமாக ஸ்டூடியோவுக்கு அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். டொக்கியுமெண்ட்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொடுங்கள். பிரிண்ட் வந்ததும் பசை பூசிய தாள் உள்ள அல்பத்தில் வைக்காதீர்கள். ஈரத்தில் படம் அதோடு ஒட்டிக்கொண்டு பிறகு கிழியும். நான்கு மூலைக்கும் காகித மூலை ஒட்டிச் செருகுவது நல்லது. ஸ்டூடியோப் படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின் என்பதால் பூஞ்சணத்துக்கு அதுவும் தீனிதான். அல்பத்தையும் வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரியின் கீழ்த்தட்டில் வைக்காமல், உள்சுவர்ப் பக்கம் உயரமான தட்டில் வைத்து, மழை மாதங்களில் அடிக்கடி எடுத்துப் புரட்டுங்கள்.