செய்திச் சார்பைக் காட்டும் செயலி: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

ஒரே செய்தியைப் பல ஊடகங்கள் எப்படி எழுதியிருக்கின்றன என்று அருகருகே வைத்து, ஒவ்வொன்றின் மேலும் இடதுசாரி, நடுநிலை, வலதுசாரி என்று வண்ணப்பட்டை ஒட்டித் தரும் சந்தாச் செயலி ஒன்றை ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். தேர்தல் செய்திகளுக்கு இது உண்மையிலேயே உதவுகிறது. தலைப்பில் ஒரு வினைச்சொல் மாறினால் பழி யார் மேல் விழுகிறது என்பது சட்டென்று கண்ணில் படுகிறது.

இணையப் பதிப்புரிமைச் சட்டங்கள் என்று வந்தால் அந்தப் பட்டையால் பயனில்லை. 2011-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வந்த, இணையத்தில் பதிப்புரிமை மீறலைத் தடுப்பதற்கான சோபா (SOPA) மசோதாவுக்கு இரு கட்சிகளிலும் ஆதரவாளர்கள் இருந்தார்கள், எதிர்ப்பாளர்களும் இருந்தார்கள். அதை ஆதரித்தவற்றுள் செய்தித் தொலைக்காட்சிகளை நடத்தும் பெருநிறுவனங்களும் உண்டு. 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் முழுவதும் தன் பக்கங்களை மூடி எதிர்ப்புத் தெரிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய பதிப்புரிமை நெறியாணையின் (உறுப்பு நாடுகள் தம் சட்டங்களில் சேர்க்க வேண்டிய பொது விதி) 15-ஆம் பிரிவோ பத்திரிகை வெளியீட்டாளர்களுக்கே புதிய உரிமை தருகிறது. அதாவது, அதைப் பற்றி எழுதிய நாளிதழ்களே அதனால் பயனடையும் தரப்பு.

செயலியில் அந்த நெறியாணை பற்றிய கட்டுரைகளைத் திறந்தால், 'நடுநிலை' என்ற சாம்பல் நிறப் பட்டைதான் தெரிகிறது. ஊடகத்தின் உரிமையாளர் யார், இச்சட்டத்தால் அவருக்கு என்ன ஆதாயம் என்று ஒரு வரிகூட இல்லை. இதைச் சுட்டிக்காட்டி இருமுறை எழுதியும், பொதுவான நன்றி மடல்தான் பதிலாக வந்தது. சந்தாவைத் தேர்தல் காலத்துக்கு மட்டும் புதுப்பிக்க எண்ணியிருக்கிறேன். பதிப்புரிமை மசோதாக்களை, நேரம் பிடித்தாலும், மூல வடிவிலேயே படித்துக்கொள்கிறேன்.