சர்வர் போர்டு மாற்றினால் பழைய போர்டைக் கேட்டு வாங்குங்கள்

சுங்கை சிப்புட், கோலாகங்சார் பக்கம் அலுவலகத்தில் சர்வர் வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களும் பொருந்தும் முதன்மைப் பலகை, போய்விட்டது என்று சொல்லி, புது போர்டுக்கான விலையாக எங்களிடம் 3,800 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிய கடை, வேறு யாருடைய மெஷினிலோ பல வருடம் ஓடிய போர்டை மாட்டிக் கொடுத்திருக்கிறது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. என்ன நடந்தது, எதைப் பார்த்தால் உங்களுக்கும் தெரியவரும் என்பதை எழுதுகிறேன்.

மாமாவின் லோரி நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பது நான்தான். தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றி மில்லில் இறக்குவது எங்கள் தொழில். எந்த லோரி எத்தனை டன் இறக்கியது என்ற எடைச்சீட்டு விவரம் முழுக்க ஒரு டெல் பவர்எட்ஜ் சர்வரில் இருக்கிறது. டிரைவர் அண்ணன்மாருக்குச் சம்பளம் போடுவதே அந்த டன் கணக்கை வைத்துத்தான். அது நின்றால் பல வீடுகளில் சம்பளம் நிற்கும்.

ஒரு சாயங்காலம் இடி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. அப்புறம் சர்வர் எழவே இல்லை, ஒரு விளக்குகூட எரியவில்லை. கடையிலிருந்து வந்த பையன் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு, "போர்டு போச்சுக்கா, கடைக்குத் தூக்கிட்டுப் போறோம்" என்றான். மெஷினுக்குள் மின்சாரம் கொடுக்கும் பாகமான பவர் சப்ளையைச் சோதித்தீர்களா என்று கேட்டேன். "இதெல்லாம் பார்த்தாலே தெரியும்கா" என்று பதில் வந்தது.

பார்த்தாலே தெரியாது. சர்வர் போர்டில் நிர்வாகத்துக்கென்று தனியாக ஒரு சிப் இருக்கிறது. டெல்லில் அதை ஐடிராக் என்பார்கள், எச்பியில் ஐஎல்ஓ. மெஷினை அணைத்து வைத்திருந்தாலும், மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை அது விழித்திருக்கும். அதுவே இருண்டு கிடந்தால் முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம் உள்ளே வரும் வழியை. அதே மாடலுக்கான வேறு பவர் சப்ளையைப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் எழவில்லையென்றால் கூடுதல் கார்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு, ஒரு பிராசஸர், ஒரு ராம் மட்டும் வைத்து முயல வேண்டும். இவ்வளவும் செய்த பிறகுதான் போர்டின் மேல் கை வைக்கலாம்.

சர்வர் திரும்பி வந்தது, ஓடவும் செய்தது. ரசீதில் 'புது ஒரிஜினல் போர்டு' என்று எழுதியிருந்தது. பவர் சப்ளையையும் கூடவே மாற்றியிருந்தார்கள். பழைய பவர் சப்ளை பிளாஸ்டிக் பையில் வந்தது, பழைய போர்டு வரவில்லை. கேட்டதற்கு, "எக்ஸ்சேஞ்ச்ல போயிடுச்சுக்கா" என்றார்கள். வாரண்டி உள்ள மெஷினுக்குத் தயாரிப்பு நிறுவனம் பாகம் மாற்றும்போது பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்வது வழக்கம்தான். ஆனால் எங்கள் மெஷினுக்கு வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. முழு விலை கொடுத்திருக்கிறோம். அந்தப் போர்டு எங்கள் சொத்து.

விஷயம் வெளியே வந்தது கணக்கு மென்பொருள் திறக்காமல் போனதால். அதன் உரிமம் நெட்வொர்க் முகவரியோடு, அதாவது நெட்வொர்க் பாகத்தில் தயாரிப்பிலேயே பதித்த எண்ணோடு, கட்டப்பட்டது. நெட்வொர்க் கம்பியைச் செருகும் பாகம் மதர்போர்டிலேயே இருப்பதால், போர்டு மாறினால் முகவரியும் மாறிவிடும். மென்பொருள்காரர் உரிமத்தை மாற்றிக் கொடுக்கும்போது சர்வீஸ் டேக் கேட்டார். டெல்லில் அது ஏழு எழுத்துள்ள அடையாள எண். பெட்டியில் ஒட்டியிருந்தது ஒன்று, திரையில் தெரிந்தது வேறொன்று! திரையில் இருந்ததை டெல்லின் இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தோம். சில வருடங்களுக்கு முன்பே வேறு யாருக்கோ அனுப்பப்பட்ட மெஷின் அது.

உதிரிப் பாகமாக வரும் புதுப் போர்டில் இந்த எண் காலியாக இருக்கும். ஓரளவு புதிய பவர்எட்ஜ் மாடல்களில், பெட்டிக்குள் வேறொரு இடத்திலும் அந்த எண்ணின் நகல் இருக்கும். புதுப் போர்டைப் போட்டு மெஷினை எழுப்பும்போது, அதை மீட்டுக்கொள்ளட்டுமா என்று திரையே கேட்கும். ஐடிராக்கில் இருக்கும் நிகழ்வுப் பதிவையும், அதாவது மெஷினில் நடந்ததைத் தேதியோடு குறித்து வைக்கும் பட்டியலையும், திறந்து பார்த்தோம். அந்தப் பதிவு போர்டிலேயே சேமிக்கப்படுவது. புதுப் போர்டு என்று விற்றதில், பல வருடம் முந்தைய தேதிகளில் ஃபேன் பழுதானதும் மூடி திறக்கப்பட்டதும் வரிசையாக இருந்தன. அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தை மாமாதான் அடக்கினார்.

பழைய பவர் சப்ளையை ஈப்போவில் ஒருவரிடம் கொடுத்துச் சோதித்தோம். செத்துக் கிடந்தது. அப்படியானால் எங்கள் போர்டு நன்றாகவே இருந்திருக்கும், சில நூறு வெள்ளியில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது என்று நம்புகிறேன். நிரூபிக்கத்தான் வழியில்லை, போர்டு கையில் இல்லையே. நாங்கள் நிரூபித்துவிடக் கூடாது என்றுதான் அதைத் திருப்பித் தரவில்லை என்று எனக்குப் படுகிறது.

சர்வரை யாரிடம் ஒப்படைத்தாலும், பெட்டியில் உள்ள எண்ணையும் திரையில் உள்ள எண்ணையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மாட்டப்போகும் போர்டு புதியதா ஏற்கெனவே ஓடியதா, கழற்றும் போர்டு திரும்பி வருமா என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே ஓடிய போர்டு என்றால் அதற்குரிய விலை, அவ்வளவுதான். பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் மெல்லிய பின்கள் இருக்கும். அவை வளைந்திருந்தால் பழியை உங்கள் மேலேயே போட்டுவிடலாம், அதனால் அதையும் படம் எடுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியைத் தனியே எழுதி வையுங்கள், அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப் மாறினால் மீட்புச் சாவி இல்லாமல் டிஸ்க் திறக்காது. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெய்டு போர்டிலேயே உள்ள மாடல்களில், புதுப் போர்டு பழைய டிஸ்க்குகளை அந்நிய அமைப்பு, அதாவது வேறு மெஷினுடையவை, என்று சொல்லும். அப்போது 'இம்போர்ட்' கொடுக்க வேண்டும். 'கிளியர்' கொடுத்தால் தரவே கைவிட்டுப் போகலாம். பேக்கப் எடுக்காமல் அந்தத் திரையை யாரும் தொட விடாதீர்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணத்தில், 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் அது சொந்த, வீட்டு உபயோகப் பொருள்களுக்கானது. நிறுவன சர்வருக்கு அந்த வழி கிடைப்பது கடினம். அதனால் இரண்டு எண்களின் படம், ரசீது, நிகழ்வுப் பதிவின் நகல் எல்லாவற்றையும் வைத்துக் கடைக்கு எழுத்தில் கடிதம் கொடுத்திருக்கிறோம். இந்த வட்டாரத்தில் போர்டு மாற்றிய வேறு யாருக்காவது இரண்டு எண்களும் ஒத்துவரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.