வால்வு ப்ரீஆம்ப்புக்கு எந்தப் பவர் ஆம்ப் பொருந்தும்?

சிடி பிளேயர் போன்றவற்றின் சிக்னலை வாங்கி, ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்புக்குத் தருவது ப்ரீஆம்ப். அதில் கண்ணாடிக் குழாய் வால்வு உள்ளதை வாங்குபவர்களில் பலர் சில மாதங்களில் விற்றுவிடுகிறார்கள். பாஸ் வரவில்லை, இரைச்சல் கேட்கிறது, வால்யூமைத் தொட்டாலே அலறுகிறது என்று காரணம் சொல்கிறார்கள். நான் ஒரே ப்ரீஆம்ப்பை இரண்டு பவர் ஆம்ப்களோடு ஆண்டுக்கணக்கில் கேட்டுவருகிறேன். இந்த மூன்று குறைகளும் பெரும்பாலும் ப்ரீஆம்ப்பைச் சேர்ந்தவை அல்ல, அது பவர் ஆம்ப்போடு சேர்ந்த விதத்தைச் சேர்ந்தவை என்பதே என் முடிவு.

என்னிடம் இருப்பது பெட்டியில் வந்த பெயர்பெற்ற கருவி அன்று. பழைய வால்வு ரேடியோக்களைப் பழுதுபார்த்து வந்த பெரியவர் ஒருவர் சென்னையில் கட்டித் தந்தது. ஒரே ஒரு 12ஏயூ7 வால்வு. அதன் ஒரு பாதி இடது சேனலுக்கு, மறு பாதி வலது சேனலுக்கு. எதிர்ப் பின்னூட்டம் (வெளிவரும் ஒலியில் ஒரு பகுதியைத் திருப்பி ஊட்டிச் சிதைவைக் குறைப்பது) கிடையாது, கேத்தோடு ஃபாலோயரும் (சுமையைத் தாங்கக் கடைசியில் வைக்கும் கூடுதல் வால்வு நிலை) கிடையாது. வால்வின் வெளியீட்டு முனையான பிளேட்டிலிருந்து 0.22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக ஒலி நேரே வெளியே வருகிறது. சிக்னலைச் சுமார் 14 மடங்கு பெருக்குகிறது. அதன் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஏசி சிக்னலுக்கு அது காட்டும் தடை, ஏறத்தாழ 8 கிலோ ஓம். இந்த எட்டைச் சுற்றித்தான் மீதிக் கதை முழுவதும் நடக்கிறது.

முதலில் அது வீட்டில் ஏற்கெனவே இருந்த சிறிய கிளாஸ்-டி ஆம்ப்போடு இணைந்தது. அந்த ஆம்ப்பின் இன்புட் இம்பீடன்ஸ் 10 கிலோ ஓம். ஒரு கருவி தனக்குச் சிக்னல் தரும் கருவியைவிடக் குறைந்தது பத்து மடங்கு இம்பீடன்ஸ் காட்ட வேண்டும் என்பது ஆடியோக்காரர்களின் பொது விதி. எட்டுக்கு எண்பதாவது இருக்க வேண்டிய இடத்தில் பத்துதான் இருந்தது. சிக்னலில் நூற்றுக்கு 44 பங்கு ப்ரீஆம்ப்புக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. வால்யூமைக் கூட்டி அதைச் சரிக்கட்டிவிடலாம். ஆனால் அந்த 0.22 கெப்பாசிட்டரும், எட்டும் பத்தும் கூடிய 18 கிலோ ஓமும் சேர்ந்து ஒரு வடிகட்டியாகி, 40 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறைவை (திறன் பாதியாகும் அளவு) உண்டாக்குகின்றன. பாஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே உள்ள சுரங்களும் கொஞ்சம் கொஞ்சமாக மெலியத் தொடங்குகின்றன.

எனக்கு அது முதலில் மிருதங்கத்தில்தான் தெரிந்தது. தொப்பிப் பக்கத்தில் உள்ளங்கையை அழுத்தி இழுக்கும்போது எழும் கும்கி, வயிற்றில் உணர வேண்டிய ஒலி. அது கேட்டது, ஆனால் உடல் இல்லாமல் கேட்டது. வலந்தலையின் சாப்பு மட்டும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்ததால் 'வால்வு ஒலி தெளிவாக இருக்கிறது' என்று வந்தவர்கள் பாராட்டினார்கள். பாஸ் குறைந்தால் மேல்சுரங்கள் தெளிவாகத் தோன்றுவது இயல்பு. அதை வால்வின் குணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கெப்பாசிட்டரை 2.2 மைக்ரோஃபாரட் ஆக்கினால் பாஸ் திரும்பிவிடும், கணக்குப்படி 4 ஹெர்ட்ஸ் வரை. பலர் இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். நான் அதை விரும்பவில்லை. வால்வின் மேல் விழும் சுமை அப்படியேதான் இருக்கும். சுமை கனக்கக் கனக்கப் பெருக்கம் குறையும், ஒலிச் சிதைவு கூடும். அதோடு பெரிய கெப்பாசிட்டர் ஸ்விட்ச் போடும்போது பெரிய உதையையும் அனுப்பும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பெரியவரிடம் போனபோது அவர் சோல்டரிங் அயர்னைக் கையில் எடுக்கவே இல்லை. "தம்பி, அடுத்த ஆம்ப் வாங்கும் முன்பு அதன் மேனுவலை எடுத்து வா" என்றார். அந்தக் காலத்து வால்வு பவர் ஆம்ப்கள் இந்தச் சிக்கலையே அறியாதவை. 1959-இல் வெளிவந்த டைனாகோ எஸ்டி-70-இன் இன்புட் இம்பீடன்ஸ் 470 கிலோ ஓம். அப்படிப்பட்ட ஆம்ப்களை மனத்தில் வைத்து வரைந்த ப்ரீஆம்ப் சர்க்யூட்களைத்தான் நாம் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறோம். டிரான்சிஸ்டர் வந்த பிறகு பவர் ஆம்ப்களின் அந்த எண் 50, 20, 10 என்று இறங்கிக்கொண்டே வந்தது.

அடுத்து வந்தது குவாட் 405. பீட்டர் வாக்கரின் நிறுவனம் 1975-இல் வெளியிட்டது, சேனலுக்கு 100 வாட். நாற்பதாண்டு கடந்தும் பாட்டை இவ்வளவு நிதானமாகத் தரும் இன்னோர் ஆம்ப்பை இந்த விலையில் நான் கேட்டதில்லை. அதன் மேனுவலில் இரண்டு எண்கள் கண்ணில் படும்: இன்புட் இம்பீடன்ஸ் 20 கிலோ ஓம், முழுத் திறனுக்குத் தேவையான சிக்னல் 0.5 வோல்ட். அரை வோல்ட் என்பது மிகக் குறைவு. குவாட்டின் சொந்த ப்ரீஆம்ப் அரை வோல்ட்தான் தரும் என்பதால் அதற்கேற்றபடி செய்திருக்கிறார்கள், தங்கள் ஜோடிக்கு அது மிகச் சரி. என் ஜோடி வேறு. சிடி பிளேயர் 2 வோல்ட் தருகிறது, வால்வு அதை 14 மடங்கு பெருக்குகிறது, 405 இன்னும் 56 மடங்கு பெருக்குகிறது. அப்படியே இணைத்தால் வால்யூம் குமிழ், கடிகார முள்ளாகப் பார்த்தால், ஏழரை மணி நிலையைத் தாண்டாது. அந்த அடிமட்டத்தில் குமிழின் இரு சேனல்களும் ஒரே அளவில் இருப்பதில்லை, பாடகரின் குரல் நடுவிலிருந்து ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். வால்வின் மெல்லிய இரைச்சலும் 56 மடங்காகி, பாட்டு நின்றதும் 'ஸ்ஸ்' என்று கேட்கும். வால்யூமைக் குறைத்தாலும் அது குறையாது, ஏனெனில் குமிழ் வால்வுக்கு முன்னால் இருக்கிறது.

இதற்குச் சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர் போதும். சென்னை ரிச்சி தெருவில் கைநிறையக் கிடைக்கும். பவர் ஆம்ப்பின் வாசலில் 33 கிலோ ஓம் தொடராக, அதையடுத்து 10 கிலோ ஓம் தரைக்கு (கிரவுண்ட்). 405-இன் 20 கிலோ ஓம் அந்தப் பத்தோடு இணையாகி 6.7 ஆகிறது. ப்ரீஆம்ப் இப்போது எதிரே காண்பது ஏறத்தாழ 40 கிலோ ஓம். சிக்னல் ஆறில் ஒரு பங்காகிறது, அதாவது முழுத் திறனுக்கு 3 வோல்ட் வேண்டும். 3 வோல்ட் இந்த வால்வுக்கு மிக எளிது. இரைச்சலும் அதே அளவு இறங்குகிறது. வடிகட்டியின் எல்லை 15 ஹெர்ட்ஸுக்குப் போய்விட்டது. கும்கிக்கு உடல் வந்தது. குமிழ் பத்து மணியில் நிற்கிறது, பாடகர் நடுவில் இருக்கிறார். பத்து மடங்கு விதியை நான் இன்னும் எட்டவில்லை, ஐந்து மடங்கில்தான் இருக்கிறேன். இந்த வால்வுக்கு அது போதுமானதாகவே இருக்கிறது. 12ஏஎக்ஸ்7 வால்வைப் பிளேட்டிலிருந்து நேரே எடுத்திருந்தால் அவுட்புட் இம்பீடன்ஸ் பல மடங்கு ஏறி, இது போதாமல் போயிருக்கும்.

இனி அந்த உதை. ப்ரீஆம்ப்பை முதலில் போட்டு, வால்வு சூடேறிய பின் பவர் ஆம்ப்பைப் போட வேண்டும்; அணைக்கும்போது பவர் ஆம்ப்பை முதலில் அணைக்க வேண்டும். நாம் ஒழுங்காக இருந்தாலும் மின்வாரியம் அந்த வரிசையைப் பார்ப்பதில்லை. ஒரு மாலையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய், சில நொடிகளில் திரும்பி வந்தது. இரண்டு பெட்டியும் ஒரே கணத்தில் உயிர்பெற்றன. வால்வின் பிளேட்டில் 250 வோல்ட் எழும்பும்போது அதன் அதிர்ச்சி கெப்பாசிட்டர் வழியாக அப்படியே வெளியே போகிறது. ஸ்பீக்கரின் வூஃபர் கோன் 'தப்' என்று முன்னே பாய்ந்து, சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு இழுபட்டு நின்று, மெல்லப் பின்வாங்கியதைக் கண்ணால் பார்த்தேன். பழுது எதுவும் இல்லை, அடுத்த முறையும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது. மறு வாரமே பெரியவர் ப்ரீஆம்ப்புக்குள் ஒரு ரிலேயை (தானே இயங்கும் மின் ஸ்விட்ச்) பொருத்தினார். மின்சாரம் வந்ததிலிருந்து 45 நொடிகள் அது அவுட்புட்டைத் தரையோடு இணைத்தே வைத்திருக்கும், மின்சாரம் போனதும் உடனே மறுபடி தரையோடு இணைத்துவிடும். மின்தடை உள்ள ஊரில் வால்வு ப்ரீஆம்ப் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் மேம்படுத்துவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

மின்சாரத்தால் வரும் 'ம்ம்' என்ற ஹம் சத்தத்தைப் போக்கப் பலரும் மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், உள்ளே 250 வோல்ட் இருக்கிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே மின்பலகையில் மாட்டியதிலேயே எனக்கு ஹம் போய்விட்டது. வால்வைப் பொறுத்தவரை இதுவரை ஒருமுறை மாற்றினேன். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனம் ஒருகாலத்தில் தயாரித்த வால்வுகள் பழைய கடைகளில் இன்னும் தட்டுப்படுகின்றன, கிடைத்தால் விடாதீர்கள்.

பழைய ப்ரீஆம்ப் ஒன்றை மேனுவல் இல்லாமல் வாங்கப்போகிறீர்களா? ஒரு மல்டிமீட்டரும் 22 கிலோ ஓம் ரெசிஸ்டரும் எடுத்துச் செல்லுங்கள். ஃபோனிலிருந்து 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, அவுட்புட்டில் ஏசி 2 வோல்ட் வரும்வரை வால்யூமை ஏற்றுங்கள். பிறகு ரெசிஸ்டரை அவுட்புட்டுக்கும் தரைக்கும் இடையே வைத்து மீண்டும் பாருங்கள். என்னுடையதில் 2.00 என்பது 1.47 ஆக இறங்கியது. இரண்டை 1.47-ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, 22-ஆல் பெருக்கினால் 7.9 கிலோ ஓம். 1.9-க்குக் கீழே இறங்காவிட்டால் இன்றைய ஆம்ப்களில் பெரும்பாலானவற்றோடு அதை நம்பி இணைக்கலாம். ஒரு வோல்ட்டுக்கும் கீழே போனால், அந்த ப்ரீஆம்ப்போடு 200 கிலோ ஓமுக்கு மேல் காட்டும் ஒரு வால்வு பவர் ஆம்ப்பையும் தேட வேண்டியிருக்கும். விலை பேசும்போது அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.