சுண்ணாம்புக் காரை என்று சொல்லிச் சிமெண்ட் பூசிவிட்டார்: 1,85,000 ரூபாய் போயிற்று

பழைய ஆலயத்தையோ வீட்டையோ செப்பனிட ஆள் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுக்கவும். கிருஷ்ணகிரிக்கு அருகே எங்கள் ஊர்ச் சிற்றாலயத்தில், பீடத்துக்கு மேலுள்ள செங்கல் வளைவு, சில விநாடிகளே நீடித்த ஒரு நில அதிர்வில் உச்சியில் விரிசல் கண்டது. ஒப்பந்தக்காரர்களை அமர்த்தித் தரும் ஓர் இணையதளத்தின் வழியாக அந்த நபர் வந்தார். 'சரிபார்க்கப்பட்டவர்' என்று அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் குறி இருந்தது.

நான் ஏமாந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். வாசலிலேயே செருப்பைக் கழற்றியவர், உதிர்ந்த காரையை விரலால் நசுக்கி, நாக்கில் வைத்துப் பார்த்து, "இது கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு; இதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் செங்கல் பொரிந்துவிடும்" என்றார். நில அதிர்வுக்கான இந்தியத் தரக்குறியீடு 1893-இன் 2002-ஆம் ஆண்டுப் பதிப்பில் தருமபுரி, மிதமான அதிர்வு அபாயமுள்ள மூன்றாம் மண்டலத்தில் இருப்பதையும் எடுத்துச் சொன்னார் (கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004-இல்தான்). வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன், அத்தனையும் உண்மை. இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று நம்பி, மாங்காய் விற்ற பணத்தில் ஊரார் சேர்த்துத் தந்த 1,85,000 ரூபாயையும், பொருளாளரான நானே, வேலை தொடங்கும் முன்பே அவர் கையில் கொடுத்தேன்.

நீற்றிய சுண்ணாம்பு வாரக்கணக்கில் ஊற வேண்டும் என்று சொன்னவரே நான்கு நாளில் வேலையை முடித்துவிட்டுப் போனார். போன வாரம் பெய்த மழையில் வெள்ளைப் பூச்சு உப்புப் பூத்து உரிந்தது. ஆணியால் கீறினால் உள்ளே சாம்பல் நிறச் சிமெண்ட்! விரிசலுக்குள் எதையும் செலுத்தவில்லை, மேலே பூசி மறைத்திருக்கிறார். தெரியாமல் செய்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

கேட்டபோது, "காய்ந்தால் சரியாகிவிடும்" என்றார். மறுநாள், "பழைய கட்டடம் என்றால் அப்படித்தான், ஐயா" என்றார். அதன்பின் தொலைபேசியை எடுக்கவே இல்லை. இணையதளத்தின் சேவை மையமோ, பணத்தைத் தங்கள் வழியாகச் செலுத்தாததால் பொறுப்பேற்க இயலாது என்ற ஒரே பதிலை மூன்று முறை அனுப்பியது. பச்சைக் குறி, கைபேசி எண்ணைச் சரிபார்த்ததற்கு மட்டுமாம். 1,85,000 ரூபாய்! ஞாயிறு பூசைக்குப் பிறகு, அதில் 500 ரூபாய் தந்த பாட்டி, "வளைவு சரியாயிடுச்சாப்பா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

சுண்ணாம்பு குழியில் ஊறுவதைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பூசும் நாளில் ஒருவராவது அருகில் இருங்கள். நாங்கள் தோப்பில் இருந்தோம். ரசீது வாங்குங்கள். இன்னும் எழுத நினைத்தேன். வளைவுக்கு முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கட்டைகள் வந்து இறங்கியிருக்கின்றன, போக வேண்டும்.