தொராசிக் அனஸ்தீசியா ஃபெலோஷிப்: ஒரு வருடம் கொடுக்கலாமா?

எம்.டி. முடித்துவிட்டு, நெஞ்சு அறுவை சிகிச்சைக்கான மயக்கவியலில் ஒரு வருட ஃபெலோஷிப் செய்தேன், சென்னையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில். சேரலாமா என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சேரலாம், ஆனால் இடத்தை விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

முதல் காரணம் பிராங்கோஸ்கோப், அதாவது மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கேமரா குழாய். எம்.டி.யில் டபுள் லூமென் டியூப் (இரண்டு நுரையீரலையும் தனித்தனியாக ஊத உதவும் இரட்டைக் குழாய்) போட்டால் ஒரு பக்கம் கிளாம்ப் செய்து, ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, சரி என்று விட்டுவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம். காதுக்குச் சரியாகப்பட்ட டியூப் ஸ்கோப்பில் பார்த்தால் இடம் மாறிக் கிடப்பது ஒன்றும் அபூர்வமில்லை. இங்கே டியூப் போட்டதும் ஒரு முறை, நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பிய பின் இன்னொரு முறை பார்த்தே ஆக வேண்டும், எவ்வளவு அவசரமானாலும். வலது மேல் மடலின் கிளை கரைனாவிலிருந்து (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) 2 செ.மீ. அளவிலேயே பிரிந்துவிடும், இடது பக்கம் 5 செ.மீ. போல நீளம் கிடைக்கும், அதனால்தான் இடது நுரையீரல் ஆபரேஷனுக்கும் பெரும்பாலும் இடது டியூப்பையே (நுனி இடது கிளைக்குள் போகும் வகை) எடுக்கிறோம். படித்த விஷயம்தான். ஆனால் சின்ன உடம்புக்காரப் பெண்மணிக்கு 35 சைஸா 32 சைஸா என்று டியூப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போதுதான் உறைக்கும்.

இன்னொன்று, நம் ஊர் நோயாளிகள். வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் பெரும்பகுதி நுரையீரல் புற்றுநோயைச் சுற்றியே போகும். இங்கே அதோடு காசநோய் அரித்துப்போட்ட நுரையீரல், அந்தக் குழிக்குள் வளர்ந்த பூஞ்சை உருண்டை, சீழ் கட்டிய நெஞ்சு, இருமினால் ரத்தம் என்று வருவார்கள். அவர்களுக்கு நுரையீரலைப் பிரித்து வைப்பது சர்ஜனுக்கு இடம் கொடுக்க மட்டுமல்ல, கெட்ட பக்கத்துச் சீழும் ரத்தமும் நல்ல பக்கம் இறங்கிவிடாமல் காக்கவும்தான். இதை ஒரு வருடம் தினமும் செய்து பழகுவது பெரிய விஷயம், இந்த ஒன்றுக்காகவே நான் மறுபடியும் சேருவேன்.

ஆபரேஷனுக்காக ஒரு நுரையீரலை மட்டும் ஊதி ஓட்டும்போது சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு) இறங்கினால் என்ன வரிசையில் போக வேண்டும் என்பதும் ரத்தத்தில் ஊறிவிடும்: ஆக்ஸிஜனை 100 சதவீதமாக்கு, ஸ்கோப்பை உள்ளே விட்டு டியூப்பைப் பார், ரத்த அழுத்தத்தைக் கவனி, ஓடும் நுரையீரலை விரித்து பீப்பைச் (மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்) சரிசெய், ஓடாத நுரையீரலுக்குக் கொஞ்சம் சீபேப் (தொடர்ந்து கொடுக்கும் லேசான அழுத்தம்) கொடு, எதுவும் எடுபடவில்லையா, சர்ஜனிடம் சொல்லிவிட்டு இரண்டையும் ஊது. வேகமாக இறங்கினால் கடைசிப் படிக்கு முதலிலேயே போகத் தயங்காதே என்று எங்கள் சீனியர் மேடம் திரும்பத் திரும்பச் சொல்வார்.

குறைகளும் உண்டு. வேறு ஓ.டி.யில் ஆள் இல்லையென்றால் எலும்பு, சிசேரியன் என்று எங்கு வேண்டுமானாலும் ஃபெலோவை அனுப்பிவிடுவார்கள். நான் இருந்த இடத்தில் இது அடிக்கடி நடந்தது, கோபமும் வந்தது. தொராசிக் எபிடியூரல், பாராவெர்ட்டிப்ரல் என்று முதுகில் ஊசி போட்டு வலியை மரக்கச் செய்யும் முறைகள் எல்லாம் எதிர்பார்த்த அளவுக்குக் கையில் கிடைக்கவில்லை. தோராகோஸ்கோப்பி (சிறு துளை வழியே செய்யும் நெஞ்சு ஆபரேஷன்) வந்த பிறகு, முதுகுத் தசைக்கு அடியில் மருந்து போடும் எரெக்டர் ஸ்பைனே பிளாக்கிலேயே பல கேஸ் முடிந்துவிடுகிறது. சான்றிதழும் மருத்துவமனை தருவதுதான், டி.எம். மாதிரி எம்.டி.க்கு மேற்பட்ட பட்டம் என்று நினைத்துச் சேராதீர்கள். ஸ்டைபெண்டை வைத்துச் சென்னையில் தனியாக வாடகை கொடுத்து இருப்பது சிரமம்.

சேருவதற்கு முன் டொராண்டோ ஜெனரல் மருத்துவமனையின் மயக்கவியல் துறை இணையத்தில் வைத்திருக்கும் இலவச பிராங்கோஸ்கோப்பி சிமுலேட்டரில் பழகுங்கள், கிளைகள் மனதில் படிந்துவிடும். அப்புறம், இன்டர்வியூவில் துறைத்தலைவர் சொல்வதை மட்டும் கேட்டுவிட்டு வராமல், இப்போது அங்கே இருக்கும் ஃபெலோவைத் தனியாகப் பிடித்து, டியூப்பை யார் போடுகிறார்கள், ஸ்கோப்பை யார் பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள், முடிந்தால் லாக்புக்கை (செய்த கேஸ்களின் பதிவேடு) காட்டச் சொல்லுங்கள். "கன்சல்டன்ட் போடுவார், நாங்கள் பக்கத்தில் நிற்போம்" என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும்.